தொப்புளில் சீழ் நின்றுவிட்டது, அப்புறமும் யூராக்கஸ் ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: அண்ணனுக்கு 36 வயது. தொப்புளுக்குக் கீழே வலி, காய்ச்சல், பிறகு தொப்புளிலிருந்து நாற்றத்தோடு சீழ். சி.டி. ஸ்கேனில் தொற்று ஏறிய யூராக்கஸ் நீர்க்கட்டி என்று வந்தது. டியூப் வைத்துச் சீழை வடித்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இப்போது வலியும் இல்லை, சீழும் இல்லை. ஆனால் ஆறு வாரம் கழித்து வந்து அதை முழுசாக வெட்டி எடுக்க வேண்டும், சிறுநீர்ப்பையிலும் ஒரு சிறு துண்டு எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். சரியாகிவிட்ட ஒன்றுக்கு ஏன் ஆபரேஷன்? எடுக்கத்தான் வேண்டும் என்றால் அப்போதே ஏன் எடுக்கவில்லை?

பதில்:

வடிந்தது சீழ் மட்டும்தான். சீழ் தங்கிய பை, அதாவது கருவில் இருந்த யூராக்கஸ் என்ற குழாயின் மிச்சம், உள்ளேயே இருக்கிறது. அது வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்தபோது சுற்றியிருக்கும் குடலையும் சிறுநீர்ப்பையையும் அதிலிருந்து பிரித்தெடுப்பது ஆபத்து, அதனால் அப்போது தொடவில்லை. வீக்கம் வற்றிய பிறகு பிரிப்பது எளிது, அதனால் ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் சரியான வரிசையில்தான் போகிறார்கள். சிறுநீரக அறுவை மருத்துவனாக நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இருந்தாலும், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் காரணம் புரியாமல் ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருவில் இருக்கும்போது சிறுநீர்ப்பை இப்போது இருப்பதுபோல இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்காது. மேலே, தொப்புளை ஒட்டி இருக்கும். அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய் தொப்புள்கொடிக்குள் போகும். அதுதான் யூராக்கஸ். கரு வளர வளர சிறுநீர்ப்பை கீழே இறங்கும், அதோடு இந்தக் குழாய் நீண்டு, சுருங்கி, உள்வழி அடைபட்டு ஒரு நாராக மாறிவிடும். பிறந்த பிறகு அது வெறும் தசைநார். வயிற்றின் முன்சுவருக்குப் பின்னால், குடல்களைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வுக்கு முன்னால், நடுக்கோட்டில் தொப்புளிலிருந்து சிறுநீர்ப்பையின் உச்சிவரை ஓடும். நீளம் ஆளைப் பொறுத்து 3 முதல் 10 சென்டிமீட்டர். அந்த நாருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. எடுத்துவிட்டால் சிறுநீர் கழிப்பதிலோ வேறு எதிலோ குறை வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

எல்லாருக்கும் இந்த அடைப்பு ஒழுங்காக நடப்பதில்லை. இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து பார்த்ததில், பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நாருக்குள் மிகச் சிறிய உள்வழி மிச்சம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் அது நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவு. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. சிலருக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரியும் அளவில் நின்றுவிடும். முழுநீளத்துக்கும் திறந்திருந்தால் பிறந்த குழந்தைக்குத் தொப்புள் வழியே சிறுநீர் கசியும், அது சீக்கிரமே தெரிந்துவிடும். தொப்புள் பக்கம் மட்டும் திறந்திருந்தால் அது புரை, அதாவது உள்ளே கொஞ்ச தூரம் போய் முட்டி நிற்கும் ஒரு சிறு வழி. சிறுநீர்ப்பைப் பக்கம் மட்டும் திறந்திருந்தால் சிறுநீர்ப்பையின் உச்சியில் ஒரு சின்னப் பை. இரண்டு முனையும் அடைபட்டு நடுவில் மட்டும் உள்வழி நின்றுவிட்டால் அதுதான் நீர்க்கட்டி. இரண்டு பக்கமும் அடைத்த ரப்பர் குழாயின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொண்டதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இது நாரின் கீழ்ப் பகுதியில், சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் உருவாகும்.

உங்கள் அண்ணனுக்கு இருந்தது நீர்க்கட்டி, ஆனால் சீழ் தொப்புள் வழியே வந்திருக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் சீழ் தனக்கு எளிதான வழியைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு மேலே தொப்புள் வழியாக உடையும், சிலருக்குக் கீழே சிறுநீர்ப்பைக்குள் உடைந்து சிறுநீர் கலங்கலாக வரும். ஒரே ஆளுக்கு ஒரு தடவை மேலேயும் அடுத்த தடவை கீழேயும் வடிவதும் உண்டு.

பிறப்பிலிருந்தே இருக்கும் ஒன்று 36 வயதில் ஏன் விழித்துக்கொள்கிறது? கட்டியின் உள்சுவரில் இருக்கும் செல்கள் சிறுநீர்ப்பையின் உள்ளுறையைச் சேர்ந்த வகை. அவை உதிர்ந்து, கசிந்த நீரோடு சேர்ந்து தேங்கும். தேங்கியதற்கு வெளியேற வழி கிடையாது. அங்கே ஒரு கிருமி போய்ச் சேர்ந்தால் போதும். ரத்தம் வழியாகவோ, நிணநீர் வழியாகவோ, சிறுநீர்ப்பையிலிருந்தோ, தொப்புளிலிருந்தோ போகலாம். சீழைக் கல்ச்சர் செய்தால், அதாவது அதிலிருக்கும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால், அடிக்கடி கிடைப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, தோலில் வாழும் கிருமி. குடலில் வாழும் ஈ.கோலை போன்றவையும், ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் கலந்தும் வரும். அதனால்தான் வெறும் சிறுநீர்த் தொற்று என்று நினைத்துக் கொடுக்கும் மாத்திரை பல நேரம் இதில் முழுசாக வேலை செய்யாது. வடித்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்களா, எந்தக் கிருமி வந்தது என்று கேட்டு அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மறுபடி காய்ச்சல் வந்தால் உதவும்.

அண்ணனுக்கு நோய் என்னவென்று சீக்கிரமே தெரிந்ததும் ஒரு நல்ல விஷயம். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. இது அரிதாக வரும் நோய், அறிகுறிகளோ எல்லா வயிற்று நோய்களுக்கும் பொதுவானவை. அடிவயிற்று வலியும் காய்ச்சலும் என்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் குடல்வால் அழற்சிதான் நினைவுக்கு வரும். சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை எழுதப்படும். பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சிறு பைகள் அழற்சியடையும் டைவர்டிகுலைட்டிஸ், பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி என்று பட்டியல் நீளும். குடல்வால் என்று உள்ளே போய், குடல்வால் நன்றாக இருப்பதைப் பார்த்து, அப்புறம் நடுக்கோட்டில் இந்தக் கட்டியைக் கண்ட கதைகள் அறுவை மருத்துவர்களிடம் நிறைய உண்டு.

தொப்புளில் சீழ் என்றாலும் உடனே யூராக்கஸ் என்று சொல்லிவிட முடியாது. பெரியவர்களுக்குத் தொப்புளில் ஈரமும் நாற்றமும் வருவதற்கு அழுக்கு, பூஞ்சை, உள்ளே சுருண்டு புகுந்த முடி ஆகியவைதான் அதிகக் காரணம். கருவில் குடலையும் தொப்புளையும் இணைத்த வேறொரு குழாயின் மிச்சம், குடலில் நீண்டகால அழற்சி உண்டாக்கும் குரோன்ஸ் நோயில் குடலிலிருந்து வரும் புரை, கருப்பையின் உள்ளுறை போன்ற திசு வேறு இடத்தில் வளர்ந்து மாதவிடாய் நாட்களில் மட்டும் தொப்புளில் ரத்தம் கசியும் எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் தொப்புளில் முடிச்சாகத் தெரிவது என்று அரிதானவையும் இருக்கின்றன. யூராக்கஸைச் சந்தேகிக்க வைப்பது அது இருக்கும் இடம்: தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முன்பக்க மேட்டுக்கும் நடுவே, சரியாக மையக்கோட்டில் தொட்டால் வலிக்கும் ஒரு தடிப்பு. அது இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் களிம்பு மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது.

முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். ஆழமும் சுற்றுப்புறமும் தெளிவாகத் தெரிய, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. தேவை. ஆனால் சீழ் பிடித்த நேரத்தில் எடுத்த சி.டி.யில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுவர் தடித்து, சுற்றிலும் கலங்கித் தெரியும்போது தொற்றா புற்றா என்று படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் தொற்று அடங்கிய பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொன்னால், ‘ஏற்கெனவே எடுத்தாயிற்றே’ என்று தயங்க வேண்டாம். வற்றியதும் மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. சிறுநீர் வழியே கேமரா விட்டுச் சிறுநீர்ப்பையின் உச்சியை உள்ளேயிருந்து பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் செய்வார்கள். அங்கே வெறும் வீக்கமா, திறந்த வாயா, வளர்ச்சி ஏதுமா என்று நேரடியாகவே தெரிந்துவிடும்.

சரி, முதலில் வடித்து அப்புறம் வெட்டுவது என்ற இந்த இரண்டு கட்ட முறைக்கு வருவோம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிடுவதும் நடந்தது. இப்போதும், கட்டி சிறிதாக இருந்து, தொற்று மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் சிலர் ஒரே ஆபரேஷனில் முடிப்பார்கள், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய சீழ்க்கட்டியில் நிலைமை வேறு. பெரிட்டோனியம், குடலை மூடும் கொழுப்பு மடிப்பு, சில நேரம் சிறுகுடலே வந்து கட்டியின் மேல் ஒட்டிக்கொள்ளும். உடல் சீழைச் சுற்றி வேலி கட்டும் முயற்சி அது. தொட்டால் ரத்தம் கசியும், தையல் போட்டால் திசு பிய்த்துக்கொள்ளும், எல்லை தெரியாமல் தேவைக்கு மேல் சிறுநீர்ப்பையை வெட்ட நேரும். குடலில் ஓட்டை விழலாம். இதுவரை வேலிக்குள் இருந்த சீழ் வயிறு முழுக்கப் பரவலாம். வெட்டிய இடமும் சீழ் பட்டு ஆறாமல் போய், பின்னாளில் அங்கே குடலிறக்கம் வரலாம். இத்தனையையும், ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஒரு மெல்லிய டியூபை விட்டு வடிப்பதன் மூலம் தவிர்க்க முடியும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். சீழ் கெட்டியாகவோ பல அறைகளாகவோ இருந்து டியூபில் வடியாவிட்டால் சிறிய வெட்டுப் போட்டு வடிப்பார்கள்.

இடைவெளி எவ்வளவு என்பதில் கறாரான கணக்கு இல்லை. பொதுவாக 4 முதல் 8 வாரம், பலரும் 6 வாரம் என்று வைத்துக்கொள்வார்கள். அதைவிடச் சீக்கிரம் போனால் வீக்கம் முழுசாக வற்றியிருக்காது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அதற்குள் மறுபடி சீழ் பிடித்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: வடித்ததோடு ஏன் விடக்கூடாது?

முதல் காரணம் மறுபடி வருவது. வடிப்பதோடு நிறுத்தியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்ப வருகிறது என்பது அறுவை மருத்துவத்தில் நீண்டகாலமாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு. அப்படியானால் 70 சதவீதம் பேருக்கு வருவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் யார் அந்த 30, யார் அந்த 70 என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. திரும்ப வரும்போது அது முன்னைவிட அதிக ஒட்டல்களோடு வரும், ஆபரேஷன் இன்னும் சிரமமாகும். அரிதாக, கட்டி வயிற்றுக்குள் உடைந்து பெரிட்டோனைட்டிஸ், அதாவது அந்தச் சவ்வில் அழற்சி, ஆகிவிட்டால் அது உயிருக்கே ஆபத்தான அவசரம்.

இரண்டாவது காரணம் புற்றுநோய். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும், அதனால் அளவோடு சொல்கிறேன். யூராக்கஸில் வரும் புற்று மிக அரிது, சிறுநீர்ப்பைப் புற்றுகள் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. தொற்று வந்த யூராக்கஸ் எல்லாம் புற்றாக மாறிவிடும் என்றும் யாரும் காட்டியதில்லை. ஆனால் வந்துவிட்டால் அது முரட்டுத்தனமானது. சிறுநீர்ப்பைக்கு வெளியே, கண்ணுக்கு மறைவாக வளர்ந்து, சிறுநீரில் ரத்தம் வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அப்போது முற்றியிருக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2007ல் வெளியிட்ட தொகுப்பில், யூராக்கஸ் கோளாறோடு வந்த பெரியவர்களில் 55 வயதைத் தாண்டியிருப்பதும் சிறுநீரில் ரத்தம் வருவதும் புற்றுநோயைச் சுட்டும் வலுவான அறிகுறிகளாக இருந்தன. அது சிக்கலான நோயாளிகள் தேடிப்போகும் பெரிய மருத்துவமனை, அதனால் அங்கே புற்று காணப்பட்ட விகிதத்தை எல்லாருக்கும் பொருத்தக்கூடாது. அந்த இரண்டு அறிகுறிகளுக்கும் இருக்கும் மதிப்பு மட்டும் எங்கேயும் பொருந்தும். உங்கள் அண்ணனுக்கு 36 வயது, சிறுநீரில் ரத்தம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அவருக்கு இருப்பது வெறும் தொற்றாக இருப்பதற்கே மிக அதிக வாய்ப்பு. ஆனாலும் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்வரை அதை உறுதியாகச் சொல்ல முடியாது. டியூப் வழியே வந்த சீழில் புற்றுச் செல் இல்லை என்று வந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது.

முதல் காரணம் ஒன்றே எனக்குப் போதும். அண்ணனைப் புற்று என்று சொல்லிப் பயமுறுத்திச் சம்மதிக்க வைக்கத் தேவையே இல்லை.

இப்போது ஆபரேஷன். செய்ய வேண்டியது இதுதான்: தொப்புளின் அடிப்பகுதியிலிருந்து சிறுநீர்ப்பையின் உச்சிவரை அந்த நாரை முழுசாக, நடுவில் இருக்கும் கட்டியோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு மேலேயும் கீழேயும் நாரை விட்டுவைப்பதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு. மிச்சத்தில் மறுபடி கட்டி வரும்.

முன்பு தொப்புளுக்குக் கீழே நேராகவோ, அடிவயிற்றில் குறுக்காகவோ வெட்டுப் போட்டுச் செய்வார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில், சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிதான் முதல் தேர்வு, வசதி இருக்கும் இடங்களில் ரோபோ. இந்த நோய்க்கு லேப்ராஸ்கோபி ரொம்பப் பொருத்தம். கேமரா வயிற்றுக்குள்ளிருந்து முன்சுவரை அண்ணாந்து பார்க்கும், நாரின் முழு நீளமும் திரையில் தெரியும். ஆனால் மற்ற லேப்ராஸ்கோபி ஆபரேஷன்களில் கேமராவைத் தொப்புள் வழியாகத்தானே விடுவார்கள்? இதில் தொப்புளே நோயின் ஒரு முனை. அதனால் துளைகளைத் தொப்புளுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ போடுவார்கள். அண்ணனுக்குத் தழும்பு வழக்கமான இடத்தில் இல்லாமல் விலாப் பக்கத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

முழு மயக்கம் கொடுத்து, சிறுநீர் டியூப் போட்டுத்தான் தொடங்குவார்கள். ஒட்டியிருக்கும் குடலையும் கொழுப்பு மடிப்பையும் முதலில் விடுவிப்பார்கள். பிறகு தொப்புள் முனையில் நாரைத் துண்டித்து, அதன் இருபுறமும் பெரிட்டோனியத்தைக் கீறிக்கொண்டே கீழே இறங்குவார்கள். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் வந்ததும் டியூப் வழியாக உப்புநீரை ஏற்றிச் சிறுநீர்ப்பையை நிரப்புவது வழக்கம். நிரம்பியதும் அதன் உச்சி எழும்பி, நார் எங்கே முடிந்து சிறுநீர்ப்பை எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

அங்கேதான் நீங்கள் கேட்ட ‘சிறுநீர்ப்பையில் ஒரு துண்டு’ வருகிறது. நார் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் சிறுநீர்ப்பைச் சுவரையும் சேர்த்து எடுப்பது. கட்டிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே திறப்பு இருந்தாலோ, சுவர் தடித்திருந்தாலோ, புற்றுச் சந்தேகம் இருந்தாலோ இதில் இரண்டாம் கருத்தே கிடையாது. எந்தத் தொடர்பும் இல்லாத, தூரத்தில் இருக்கும் கட்டி என்றால் சிறுநீர்ப்பையைத் திறக்காமல் நாரை அதன் அடியில் கட்டி வெட்டினால் போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். தொற்று வந்த பெரியவருக்கு நான் அந்த வட்டத்தை எடுக்கவே விரும்புவேன். நாரின் உள்வழி மிச்சங்கள் பெரும்பாலும் சிறுநீர்ப்பைச் சுவருக்குள்ளேதான் ஒளிந்திருக்கும், புற்று வருவதும் அந்த முனையில்தான் அதிகம். எடுப்பதால் வரும் கூடுதல் சிரமம் சில நாள் சிறுநீர் டியூப், அவ்வளவுதான். சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். அது விரியும் உறுப்பு, இவ்வளவு சின்னத் துண்டு போனது நாளடைவில் தெரியவே தெரியாது.

திறந்த சிறுநீர்ப்பையைக் கரையும் தையலால், பெரும்பாலும் இரண்டு அடுக்காக மூடுவார்கள். உலோக ஸ்டேப்ளர் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தப் பின்கள் சிறுநீரில் பட்டால் அவற்றின் மேல் கல் படியும். எனவே தையல்தான் நல்லது. மூடிய பிறகு மறுபடி உப்புநீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். எடுத்த துண்டை ஒரு பைக்குள் போட்டு, துளையின் விளிம்பில் படாமல் வெளியே எடுப்பார்கள். சீழ் பரவாமலும், ஒருவேளை புற்று இருந்தால் அந்தச் செல் சிந்தாமலும் இருக்கத்தான் இந்தக் கவனம்.

தொப்புள் போய்விடுமா? ஆண், பெண் யாராக இருந்தாலும் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்பார்கள். தொப்புளில் புரை இல்லையென்றால் தொப்புளை விட்டுவைக்கலாம், உள்பக்கமாக நாரை அதன் அடியில் வெட்டினால் போதும். அண்ணனுக்குச் சீழ் தொப்புள் வழியே வந்திருப்பதால் புரையின் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்குத் தொப்புளின் அடிப்பகுதி போகலாம், சில நேரம் முழுத் தொப்புளும் போகலாம். அப்போது தோலை மடித்துத் தைத்துப் புதிதாக ஒரு தொப்புள் குழியை உருவாக்கிவிடுவார்கள். புற்றுச் சந்தேகம் வலுவாக இருந்தால் மட்டும் தொப்புளைக் காப்பாற்றும் பேச்சுக்கு இடமில்லை. நார், தொப்புள், சிறுநீர்ப்பையின் உச்சி எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு: சிறுநீர்ப்பையைத் திறந்திருந்தால் சிறுநீர் டியூப் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். தையல் ஆறும்வரை சிறுநீர்ப்பை நிரம்பி விரியக்கூடாது என்பதற்காகத்தான். சிலர் டியூபை எடுக்கும் முன் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்துக் கசிவு இல்லை என்று உறுதிசெய்வார்கள். டியூபோடு வீட்டுக்குப் போகலாம். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், டியூப் மடங்கக்கூடாது. சிறுநீர் கொஞ்சம் சிவந்து வருவது முதல் சில நாள் சகஜம். கட்டிகட்டியாக ரத்தம், டியூபில் சிறுநீர் நின்றுபோவது, வயிறு உப்பி வலிப்பது, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் போக வேண்டும். டியூபை எடுத்ததும் சில நாள் எரிச்சலும் அவசரமும் இருக்கும், தானாகவே அடங்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம், பாரம் தூக்குவதை 4 முதல் 6 வாரம் தள்ளிவைக்க வேண்டும். வெட்டுப் போட்டுச் செய்திருந்தால் எல்லாமே இன்னும் கொஞ்சம் நீளும். காயத்தில் சீழ், சிறுநீர் கசிவு, துளை வழியே குடலிறக்கம் ஆகியவை வரக்கூடிய சிக்கல்கள். தொற்று அடங்கிய பிறகு செய்யும் ஆபரேஷனில் இவை அதிகம் வருவதில்லை.

எப்போதும் வெட்டத்தான் வேண்டுமா என்றால், இல்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், ஒரு தொந்தரவும் செய்யாத சிறிய மிச்சத்தை என்ன செய்வது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள், சிலர் அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கைக்குழந்தைகளுக்கு, குறிப்பாக முதல் ஆறு மாதத்துக்குள், அது தானாகவே சுருங்கி மறைவது உண்டு, அதனால் அங்கே பொறுமை நல்லது. பெரியவர்களுக்கு அப்படித் தானாக மறையும் என்று நம்பிக் காத்திருப்பதில் பலன் இல்லை. மயக்கம் தாங்காத இதய நோயோ நுரையீரல் நோயோ இருப்பவருக்கு வடித்துவிட்டுக் கண்காணிப்பதே சரியாக இருக்கலாம். அண்ணனின் நிலைமை இவை எதிலும் சேராது: வயது குறைவு, ஒரு தடவை சீழ் பிடித்தாகிவிட்டது.

இந்த இடைப்பட்ட வாரங்களில் அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆன்டிபயாட்டிக்கை எழுதிக்கொடுத்த நாள்வரை முடிக்கட்டும், வலி நின்றதும் நிறுத்த வேண்டாம். தொப்புளைப் பிதுக்கிப் பார்ப்பது, பட்ஸ் விட்டுக் கிண்டுவது கூடவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் கொண்டுவரட்டும், புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விடட்டும், இரண்டுமே காயம் ஆறுவதைக் கெடுக்கும். காய்ச்சலோ சீழோ திரும்பினால் குறித்த நாள்வரை காத்திருக்கக்கூடாது. வயிறு முழுக்கக் கல்போல இறுகி வலித்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆபரேஷன் செய்பவரிடம் கேட்க வேண்டியது என்று என்னைக் கேட்டால்: கட்டியோடு நாரை முழுசாக எடுப்பீர்களா, சிறுநீர்ப்பை முனையை எப்படிக் கையாள்வீர்கள், தொப்புள் எவ்வளவு போகும், டியூப் எத்தனை நாள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் இந்த ஆபரேஷனை யோசித்து வைத்திருப்பவர். பதிலில் ‘உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்’ என்று ஓரிரண்டு இடத்தில் வந்தால் அதையும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையிலேயே சில முடிவுகளை அங்கே பார்த்துத்தான் எடுக்க முடியும்.

கடைசியாக, பயாப்சி ரிப்போர்ட், அதாவது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் முடிவு. தையல் ஆறியதும் பலர் அதை வாங்கவே போவதில்லை. கட்டாயம் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். அழற்சி மட்டும்தான், புற்றுச் செல் இல்லை, முழுசாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தால், ஒரு தடவை காயத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். வருடாவருடம் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதே வாரத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அப்போது அடுத்த சிகிச்சை என்ன என்பது அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது.